இடது காலில் பூசிய காயம்

போன வாரம் ‘தொப்’ என்ற ஒரு சத்தத்தோடு உங்களை இருட்டில் நிறுத்திவிட்டுப் போனேன். அது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். விழுந்தது யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஊகித்தது சரிதான். மிளகுதான் விழுந்தாள்.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டு அம்மா பிசியோதெரபி கல்லூரியில் ஆசிரியை. ஊரார் கை, கால், முதுகையெல்லாம் நிமிர்த்திக் கொடுப்பவள். அவளுடைய தம்பி மேடை நாடகங்களுக்கு விளக்குப் போடுகிறவன். வீட்டில் அவனுக்கு லைட் மாமா என்று பெயர். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, அக்காவிடம் வைத்தியத்தோடு வசவையும் சேர்த்து வாங்கிக் குணமானவன். தனிக்கட்டை. போக்கிடம் இல்லாமல் அவன் இந்த வீட்டுக் கூடத்தில் வந்து படுக்க ஆரம்பித்தபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“என் பொண்ணு ஏணியில ஏறக் கூடாது. ஏறின அன்னிக்கே நீ பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடணும்.”

அந்தப் பெண்தான் மிளகு. பதின்மூன்று வயது. உருவம் சின்னது, காரம் அதிகம். மாமா வந்த பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்பது அவள் கணக்கு. அதனால்தான் நேற்றுச் சாயங்காலம் நாடக அரங்கில் ஏணியிலிருந்து விழுந்து வலது கணுக்கால் மடங்கியபோது, அவள் முதலில் பிடித்துக்கொண்டது காலை அல்ல. மாமாவின் சட்டையை.

“அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது மாமா. சும்மா சுளுக்குதான். காலையில சரியாயிடும்.”

காலையில் சரியாகவில்லை.

*

விடிந்ததும் அப்பா காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே கீழே ஏற்றி இறக்குகிறவர் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இந்த வேடிக்கையை அவரிடம் சொல்லாத ஆளில்லை. அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்து வைப்பார். இன்று அவருக்குச் சிரிக்கிற முகம் இல்லை.

“இந்த வருஷம் நோயாளிக்கு வேற யாரையாவது பிடிக்கக் கூடாதா?” என்றார், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

“ஏன், இவளுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. வளர்ற பொண்ணு. வருஷா வருஷம் ஆளாளுக்கு காலைப் பிடிச்சுத் திருகிக்கிட்டு...”

“அஞ்சு வருஷமா இல்லாத கவலை இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சு? போய் வேலையைப் பாருங்க.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். அம்மாவின் கல்லூரியில் இன்று கடைசி வருட மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. அடிபட்ட கணுக்காலை எப்படிச் சோதிப்பது என்பது அதில் ஒரு கேள்வி. அதற்கு ஒரு நோயாளி வேண்டும். எட்டு வயதிலிருந்து அந்த நோயாளி மிளகுதான். எந்த இடத்தில் விரல் பட்டால் ‘ஆ’ சொல்ல வேண்டும், எந்த இடத்தில் பட்டால் பேசாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு வாய்ப்பாடு. எலும்பில் வலி இருக்காது. எலும்புக்குக் கீழே, முன்பக்கத் தசைநாரில் மட்டும் வலிக்கும். நொண்டி நொண்டி நாலு அடி நடக்க முடியும். அதாவது எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்கு. ஒவ்வொரு வருஷமும் அதே கதை, அதே இடது கால்.

அம்மா ஒப்பனைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கண்ணிமைக்குப் பூசும் ஊதாவும் கொஞ்சம் உதட்டுச் சிவப்பும் குழைத்து, மகளின் இடது கணுக்காலில் ஒரு கன்றிப்போன காயத்தை வரைந்தாள். ஓரத்தில் மஞ்சள் படர விட்டு, விரலால் தேய்த்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். தன் கைவேலையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

“எங்க, நடந்து காட்டு.”

மிளகு எழுந்தாள். முட்டி வரை இழுத்துவிட்ட காலுறைக்குள் வலது கால் விண்விண் என்று தெறித்தது. ஒரு அடி வைத்தாள். தன்னை அறியாமல் நொண்டினாள்.

“அடியே, கால் மாத்தி நொண்டுற,” என்றாள் அம்மா. “இடது காலு. இத்தனை வருஷம் கழிச்சு இப்படிச் சொதப்பறியே.”

மிளகு பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலால் நொண்டினாள். இடது காலால் நொண்டுவது என்றால் உடம்பு பாரம் முழுக்க வலது காலில் இறங்கும். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“அப்படித்தான். முகமும் சரியா இருக்கு,” என்றாள் அம்மா.

கூடத்தில் போர்வையை மடித்துக்கொண்டிருந்த லைட் மாமா, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான். வாயைத் திறக்கப் போனான். மிளகு முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான். இந்த வீட்டில் அவனுக்கு இடம் தருவதும் பறிப்பதும் அக்கா. ஆனால் அவன் பயப்படுவது என்னவோ மருமகளுக்குத்தான்.

*

தேர்வு அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு மணி. மணி அடித்தால் ஒரு மாணவர் வெளியே போவார், அடுத்தவர் உள்ளே வருவார். அம்மா நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். தேர்வு நாளில் அவளைப் பார்க்க வேண்டும். வகுப்பில் சிரித்துப் பேசும் அதே மனுஷி, தேர்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பெற்ற அம்மாவுக்கும் ஒரு மார்க் கூடப் போட மாட்டாள்.

வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஊதாக் காயம்தான் கண்ணில் பட்டது. நேராக அதன் மேல் பாய்ந்தார்கள். அழுத்தினார்கள், ஆட்டினார்கள், “எழுந்து நாலு அடி நடங்க” என்றார்கள். மிளகு நடந்தாள். ஒவ்வொரு தடவையும் வலது காலில் யாரோ ஆணி அடித்தார்கள். முதல் மாணவனிடம் நெற்றியில்தான் வியர்த்தது. அடுத்தடுத்து நடந்ததில் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

இவ்வளவு பிரமாதமாக இவள் எந்த வருஷமும் நடித்ததில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மாணவர்கள் மேல்தான் அவளுக்குக் கடுப்பு. வருஷம் முழுக்க வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ‘அடிபட்ட காலைத் தொடறதுக்கு முன்னாடி வலிக்காத காலைப் பாருங்க. அது எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இது எப்படிக் கெட்டிருக்குன்னு தெரியும்.’ ஒருத்தராவது வலது காலுறையைக் கழற்றச் சொல்ல வேண்டுமே. ஒருத்தரும் இல்லை. அம்மா வரிசையாக மார்க்கைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

மணி அடித்தது. இந்த முறை உள்ளே வந்தவள் போன வருஷம் இதே அறையில் தோற்றுப் போனவள். கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, பிறகு படிக்க வந்தவள் என்பதால் வகுப்பில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்பார்கள். வாய் ஓயாது. போன வருஷம் பேச்சு வாக்கில் நேரம் போனது தெரியாமல்தான் தோற்றாள்.

“வணக்கம் பாப்பா, எப்படி விழுந்தீங்க?”

“படியில தடுக்கி விழுந்துட்டேன்.” அது நோயாளிக்கான தேர்வு அட்டையில் எழுதியிருக்கிற பதில்.

“ஐயோ பாவம். சரி, ரெண்டு காலையும் காட்டுங்க. அந்தக் காலுறையையும் கழட்டிடலாமா?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாடா, ஒருத்திக்காவது மண்டையில் ஏறியிருக்கிறது.

“அது நல்ல காலுதான். வேண்டாம்,” என்றாள் மிளகு.

“நல்ல காலுன்னுதான் முதல்ல பார்க்கணும். எங்க மேடம் தோலை உரிச்சிடுவாங்க.”

மிளகு காலை உள்ளே இழுக்கப் பார்த்தாள். இழுக்க வரவில்லை. பெரியக்கா காலுறையை மெல்ல உருட்டிக் கழற்றினாள். பிறகு அவள் பேசவே இல்லை. பெரியக்கா பேசாமல் இருந்தது அந்த வகுப்பின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஒரு விரலை மட்டும் வலது வெளிக்கணுவின் மேல் வைத்தாள். மிளகு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“மேடம்,” என்றாள் பெரியக்கா. “வீங்கியிருக்கறது வலது கால்.”

“அட்டையை ஒழுங்காப் படிங்க. இடது கால்.”

“படிச்சேன் மேடம்.”

“அப்ப இடதும் வலதும் குழம்பிடுச்சு. போன வருஷமும் இதேதான். மார்க் போட மாட்டேன், சொல்லிட்டேன்.”

“போடாதீங்க மேடம். ஆனா வந்து பாருங்க. வலிக்காத காலை முதல்ல பாருன்னு நீங்கதான் சொன்னீங்க. இந்தப் பொண்ணுகிட்ட வலிக்காத காலைக் காணோமே. ஒண்ணுல நீங்க பூசியிருக்கீங்க, இன்னொண்ணு தானாவே கன்னிப் போயிருக்கு.”

அம்மா எழுந்து வந்தாள். அவள் இருபது வருஷமாகக் கணுக்கால் பார்க்கிறவள். தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வெளிக்கணுவின் எலும்பே மறைந்துபோகிற அளவுக்கு வீக்கம். காலையில் இதே இரண்டு கால்களுக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒன்றில் காயம் வரைந்துவிட்டு, மற்றொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. தேர்வு அறையில் அழுவது அவள் வழக்கமில்லை என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“எப்பத்திலேருந்துடி?”

“நேத்து.”

“இத்தனை பேருக்கும் இந்தக் காலை வெச்சுக்கிட்டா நடந்து காட்டினே?”

“நீதானே இடது காலால நொண்டச் சொன்னே.”

பதில் இல்லாதபோது வேலை செய்வது அம்மாவின் குணம். வெளியே காத்திருந்தவர்களுக்குத் தேர்வு மதியத்துக்குத் தள்ளிப் போனது. பெரியக்கா ஓடிப்போய்ப் பனிக்கட்டி வாங்கி வந்து துணியில் சுற்றினாள்.

அம்மா காலடியில் மண்டி போட்டாள். முதலில் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தன. கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள், வெளுத்த நகம் உடனே சிவந்தது. கண்ணை மூடச் சொல்லி எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டாள், சரியாகச் சொன்னாள். ரத்த ஓட்டத்துக்கும் நரம்புக்கும் ஆபத்தில்லை. முட்டிக்குக் கீழே வெளிப்பக்க எலும்பை அழுத்தினாள், வலியில்லை. உள்கணுவில் வலியில்லை. பாதத்தின் நடுவிலும் சுண்டுவிரல் பக்க எலும்பிலும் வலியில்லை. எலும்புக்குக் கீழே, தசைநாரில் கொஞ்சம் வலித்தது.

கடைசியாக விரலை வெளிக்கணுவின் நுனியிலிருந்து ஒரு விரல்கடை மேலே, சரியாக எலும்பின் மேல் வைத்தாள்.

“அங்கதான்மா,” என்றாள் மிளகு. இந்தக் குரல் எந்த வருஷத்துத் தேர்விலும் வராத குரல்.

“நாலு அடி நடக்க முடியுமா? பொய் சொல்லாம.”

மிளகு இறங்கினாள். ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடிக்கு அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

“போதும்,” என்றாள் அம்மா. எலும்பில் வலி, நாலு அடி வைக்க முடியவில்லை. இதற்கு மேல் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்கக் கூடாது என்று அவளே எழுதிப் போட்ட விதி. “சக்கர நாற்காலி கொண்டுவாங்க. எக்ஸ்ரே எடுத்தாகணும்.”

கதவுக்கு வெளியே போன அம்மா திரும்பி வந்தாள்.

“பெரியக்கா, உங்களுக்கு முழு மார்க்.”

“நான் இன்னும் முடிக்கவே இல்லையே மேடம்.”

“நீங்க முடிச்சிட்டீங்க. நான்தான் இன்னிக்கு பெயில்.”

*

எக்ஸ்ரே எடுக்கும்போது மிளகின் கைபேசி அம்மாவின் கைப்பைக்குள் போனது.

“அப்பாவுக்கு யாரும் சொல்லக் கூடாது. அவர் இந்நேரம் லிஃப்ட் குழிக்குள்ள நிப்பார். இவளுக்கு ஒண்ணுன்னா பதறிப்போய்க் கையைக் காலை எங்கயாவது கொடுத்துடுவார். சாயங்காலம் வந்து பார்த்துக்கட்டும்,” என்றாள் அம்மா.

ஆனால் கைபேசி பைக்குள் போவதற்கு முன்பே மாமாவுக்கு ஒரு செய்தி போய்விட்டிருந்தது. எலும்பு டாக்டரின் அறை வாசலில் அவன் மூச்சிரைக்க வந்து நின்றான். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறான், கையில் இன்னும் ஒரு சுருள் ஒயர் இருந்தது.

டாக்டரம்மாவும் அம்மாவும் தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். டாக்டரம்மா அவளை ‘டீச்சர்’ என்றுதான் கேலியாகக் கூப்பிடுவாள். எக்ஸ்ரேவைத் திரையில் போட்டு, பெரிதாக்கி, சாய்த்துப் பார்த்தாள்.

“முறிவு தெரியல.”

“அப்பாடா,” என்றான் மாமா. “அப்ப ஒண்ணுமில்லல்ல டாக்டர்?”

“நான் அப்படிச் சொல்லலையே,” என்றாள் டாக்டரம்மா. திரையில் கணுவின் மேல் ஓடும் ஒரு மெல்லிய கருப்புக் கோட்டைக் காட்டினாள். “வளர்ற பசங்களுக்கு எலும்போட நுனிக்குக் கிட்ட இந்தக் கோடு இருக்கும். எலும்பு வளர்றதே இங்கதான். நல்லா இருந்தாலும் கோடுதான் தெரியும், அடிபட்டு லேசா விலகித் திரும்ப உட்கார்ந்திருந்தாலும் அதே கோடுதான் தெரியும். அம்மா விரல் வெச்ச இடமும் இந்தக் கோடும் ஒண்ணா இருக்கு. இந்த வயசுல அங்க வலிச்சா, படம் என்ன சொன்னாலும் வளர்ற இடத்துல அடின்னு வெச்சுத்தான் வைத்தியம் பண்ணுவேன். நேத்துலேருந்து இதை ஊன்றி நடந்தது நல்லதில்ல. இனிமே ஒரு அடிகூடக் கூடாது.”

மிளகு தலையாட்டினாள்.

“இப்ப எனக்கு ஒரு விஷயம் தெரியணும். சீட்டுல படியில தடுக்கினேன்னு எழுதியிருக்கு. எத்தனை படி?”

“ஒரு படி.”

“ஒரு படியில தடுக்கினா இவ்வளவு வீங்காது. உயரத்துலேருந்து விழுந்திருந்தா நான் குதிகாலையும் முதுகையும் பார்த்தாகணும். அங்க அடிபட்டு நான் பார்க்காம விட்டுட்டா அப்புறம் உனக்குத்தான் கஷ்டம்.”

மிளகு அம்மாவைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தாள். நாலு வார்த்தை சொன்னால் கால் பிழைக்கும், மாமா வீட்டை விட்டுப் போய்விடுவான். சொல்லாவிட்டால் மாமா இருப்பான்.

“சொன்னா யாரையும் எங்கயும் அனுப்ப மாட்டேன்னு அம்மாவைச் சொல்லச் சொல்லுங்க.”

“பேரம் பேசாதே,” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. மகளின் நனைந்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டாள். “யார் எங்க இருக்கணுங்கறதை நாளைக்குக்கூட முடிவு பண்ணிக்கலாம். உன் காலை இன்னிக்கே முடிவு பண்ணியாகணும். எனக்கு உன் காலு வேணும்டி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “யாரு, எங்கேன்னு எனக்கு வேண்டாம். எவ்வளவு உயரம்னு மட்டும் கையால காட்டு.”

மிளகு யோசித்தாள். பிறகு கையை மெல்ல மெல்ல உயர்த்தினாள். கட்டிலைத் தாண்டி, டாக்டரம்மாவின் தோளுக்கு நேராக வந்து கை நின்றது.

வீட்டில் அந்த உயரத்துக்குப் படி எதுவும் கிடையாது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமாவே சொன்னான்.

“ஏணிதான் அக்கா. என் தப்பு. நான்தான் ஏத்தினேன்.”

“வீட்டுல போய்ப் பேசிக்கலாம்,” என்றாள் அம்மா.

டாக்டரம்மா குதிகாலை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினாள். முதுகெலும்பை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தாள். முட்டியையும் இடுப்பையும் அசைத்துப் பார்த்தாள். எங்கும் வலியில்லை. அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

முட்டிக்குக் கீழே அரை மாவுக்கட்டு போட்டார்கள். வீக்கம் இன்னும் ஏறலாம், அதனால் முழுக்கட்டு இப்போது வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருக்க வேண்டும். கட்டு இறுக்கினாலோ விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே வர வேண்டும். எண்ணெய் போட்டு நீவுகிற வேலையெல்லாம் கூடவே கூடாது. அடுத்த வாரம் மறுபடி பார்த்துவிட்டு, வலி குறைந்திருந்தால் கழற்றி மாட்டும் பூட்ஸ் போன்ற கட்டுக்கு மாற்றலாம். மொத்தம் மூன்று, நாலு வாரம்.

“சரியா வளருமா?” அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும். இருந்தாலும் இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“வளரும் டீச்சர். இந்த இடத்து அடி பெரும்பாலும் ஒழுங்கா ஆறிடும். நாளைக்கும் நடக்க விட்டிருந்தா இவ்வளவு தைரியமாச் சொல்லியிருக்க மாட்டேன். ஒண்ணுதான் குறை, இந்த உயரத்துக்கு ஊன்றுகோல் இங்க இருப்பில இல்ல. நாளைக்கு வந்துடும். அதுவரைக்கும் தூக்கிக்கிட்டுப் போங்க.”

*

மூன்று மாடி. மாமா மருமகளை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினான்.

“மாமா, நான் கனக்கிறேனா?”

“மேடை விளக்கு உன்னை விடக் கனம். ஆனா அது பேசாது.”

பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் ஏறினாள்.

மிளகைக் கூடத்துச் சோபாவில் சாய்த்து, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தார்கள். அம்மா ஈரத்துணியால் இடது காலில் இருந்த ஊதாவைத் துடைத்தாள். மாமா அலமாரிப் பக்கம் போனான். துணிகளை அடுக்கினான், பெட்டியை மூடினான், கொண்டுவந்து வாசல் பக்கம் வைத்தான்.

“கிளம்பறேன் அக்கா. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்ல.”

“அம்மா,” என்றாள் மிளகு. காலை முழுக்க வராத அழுகை இப்போது வந்தது.

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. “உக்காரு. உன்னை ரெண்டு கேள்வி கேக்கணும்.”

மாமா பெட்டி மேலேயே உட்கார்ந்தான்.

“இவ ஏணி மேல என்ன பண்ணிக்கிட்டிருந்தா?”

“விளக்கைத் திருப்பி வெளிச்சத்தைச் சரி பண்ணிக்கிட்டிருந்தா. மேல ஒருத்தர் திருப்பணும், கீழ ஒருத்தர் சுவிட்சைப் போட்டு அணைச்சுப் பார்க்கணும்.”

“சுவிட்ச் எங்க இருக்கு?”

“ஹாலுக்குப் பின்னாடி. கடைசி வரிசைக்கும் பின்னாடி ஒரு ரூம்ல.”

“இவ மேடையில. நீ அந்தக் கோடியில.” அம்மா துணியைக் கீழே வைத்தாள். தேர்வு நாற்காலியில் உட்காரும் முகம் அவளுக்கு வந்துவிட்டது. “போன வருஷம் நீ விழுந்தது ஏணியை யாரும் பிடிக்காததால. அதுக்கப்புறம் ஆள் பிடிக்காம நீ ஒரு பல்பு மாட்டக்கூட ஏறறதில்ல. பார்த்திருக்கேன். இவளை மட்டும் தனியா ஏத்திவிட்டுட்டு அவ்வளவு தூரம் போனியா?”

“சேச்சே, ஆள் பிடிக்காம இவளை நான் ஏத்துவேனா?” என்றவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

மிளகு அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

“அப்ப பிடிச்சது யாரு?”

மாமா சட்டைப் பையிலிருந்து ஒயர்ச் சுருளை எடுத்துப் பிரித்துப் பார்த்தான். மிளகு கூரையில் எதையோ தேடினாள். நாள் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்காமல் இருந்த இரண்டு பேரும், மூன்றாவதாக ஒருத்தரையும் சேர்த்துத்தான் மறைத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே படிக்கட்டில் சத்தம் கேட்டது. கனமான காலடி, நடுநடுவே உலோகம் எதிலோ இடிபடும் ஓசை. கதவு திறந்தது.

அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு தோளில் கருவிப் பை. இன்னொரு கையில் புத்தம் புது ஊன்றுகோல் ஒரு ஜோடி, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. திருகாணியைக் கழற்றி, அடியில் இருக்கிற துளை வரை இறக்கி, மிளகின் உயரத்துக்குச் சரியாகக் குறைத்து வைத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, நூலளவும் தப்பவில்லை.

அவர் மாவுக்கட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. “எலும்பா?” என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். ஊன்றுகோலைப் பார்த்தாள். இன்று பகலில் இந்த வீட்டிலிருந்து யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தம்பி,” என்றாள், கண்ணை அவர் மேலிருந்து எடுக்காமலே. “உன் துணியெல்லாம் திரும்ப அலமாரியில வை. இவ இறங்கி நடக்கற வரைக்கும் இந்த மாடியெல்லாம் நீதான் தூக்கிக்கிட்டு ஏறணும்.”

“சரி அக்கா.”

“பெட்டியை மட்டும் வாசல்லயே விட்டு வை. இன்னிக்கு அது இன்னொருத்தருக்குத் தேவைப்படலாம்.”